மைனருக்கு ஒரு பழைய கேஜ்

என் பழைய பிரிட்டிஷ் கார் மோரிஸ் மைனரின் டேஷ்போர்டு நடுவே ஒரே ஒரு பெரிய வட்டம். ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள், பொட்டுப் பொட்டாக எச்சரிக்கை விளக்குகள், எல்லாம் அதற்குள்ளேயே. அந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆயில் பிரஷரைப் பற்றி அது சொல்வது, விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதற்கு அதுவும் கிடையாது.

அந்த விளக்கை நம்பி மட்டும் பழைய இன்ஜினை ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். என் மைனரில் இருப்பது ஏ-சீரிஸ் இன்ஜின். அது நல்ல நிலையில் இருந்தால், சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அளவில் இருக்கும். விளக்கின் சுவிட்சோ பிரஷர் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் எரியும். பேரிங் மெல்லத் தேய்ந்து 60 என்பது 45 ஆகி, 45 என்பது 30 ஆகும் காலம் முழுக்க விளக்கு அணைந்தே கிடக்கும். ஒருநாள் அது எரியும்போது கிராங்க் ஷாஃப்ட் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். முள் அப்படியில்லை. இறங்க ஆரம்பித்ததுமே இறங்குகிறது என்று காட்டிவிடும்.

அதனால் நான் தேடியது பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்மித்ஸ் தயாரித்த இரட்டைக் கேஜ், அதாவது முள்ளால் அளவு காட்டும் மானி. ஒரே முகப்பில் இரண்டு முள். ஒரு பாதி ஆயில் பிரஷர், மறு பாதி தண்ணீர்ச் சூடு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இருந்ததுதான். உடைப்பதற்காக நிறுத்தியிருந்த ஒரு காரில் கிடைத்தது. புதிதாகச் செய்யப்படும் நகல்களும் உண்டு. என் கண்ணுக்கு அவற்றின் வெள்ளை எழுத்து ரொம்பப் பளிச்சென்று, பழைய ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும். அந்தக் காலத்து முகப்பில் எழுத்து லேசாகப் பாலேடு நிறத்துக்கு மாறியிருக்கும். என் ஸ்பீடோமீட்டரும் அதே நிறம்தான்.

இந்த வகைக் கேஜைக் கழற்றுவதுதான் வேலையிலேயே ஆபத்தான கட்டம், ஏனென்றால் அதற்கு ஒரு வால் உண்டு. சூடு காட்டும் பாதியின் பின்னாலிருந்து தலைமுடி போல மெல்லிய துளையுள்ள நீண்ட செப்புக் குழாய் புறப்பட்டு, சிலிண்டர் ஹெட்டில் ஒரு உலோகக் குமிழில் போய் முடியும். குமிழுக்குள் ஈதர் அடைத்திருப்பார்கள். ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிற திரவம். தண்ணீர் சூடேற ஏற, உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறி, குழாய் வழியே வந்து முள்ளைத் தள்ளுகிறது. குமிழ், குழாய், கேஜ் மூன்றும் ஒரே அடைப்பு. எங்கே வெட்டினாலும், மடிந்து விரிசல் விட்டாலும் ஈதர் போய்விடும், கேஜ் செத்துவிடும். காயலான் கடையில் தனியாகக் கிடக்கிற இரட்டைக் கேஜ்களில் பலவற்றுக்கு இந்த வால் பாதியில் வெட்டப்பட்டிருக்கும். அவசரத்தில் யாரோ கட்டரை வைத்திருப்பார்கள். பார்க்கவே மனசு பொறுக்காது.

முறை இதுதான். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்க வேண்டும். ஹெட்டில் இருக்கும் நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு அப்படியே விட வேண்டும். மறுநாள் ஸ்பேனர் போடும்போது கண் நட்டில் இருக்கக்கூடாது, குழாயில் இருக்க வேண்டும். நட்டோடு குழாயும் சேர்ந்து திரும்பினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் எண்ணெய், இன்னும் பொறுமை, அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. நட்டு விட்ட பிறகும் குமிழ் துருவில் பிடித்துக்கொண்டிருக்கும். இழுக்காமல் மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில்) இருக்கும் ரப்பர் வளையமான குரோமெட்டைக் கழற்றினால் குமிழ் அந்தத் துளை வழியே முழுசாக வந்துவிடும். வந்ததும் குழாயைப் பெரிய வளையங்களாகச் சுருட்டி, துணியில் கட்டிவிட்டேன்.

பழைய கேஜை வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் சோதித்தே ஆக வேண்டும். பொய் சொல்கிற கேஜ், கேஜே இல்லாததைவிடக் கெடுதல். 60 என்று காட்டும், உள்ளே 35 இருக்கும், நாமும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம்.

ஆயில் பாதிக்குள் இருப்பது போர்டான் குழாய். பாரிஸில் யூஜீன் போர்டான் 1849-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. தட்டையாக்கி வில்போல வளைத்த ஒரு குழாய்க்குள் அழுத்தம் ஏறினால், குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவைச் சின்னப் பற்சக்கரம் பெருக்கி முள்ளுக்குக் கொடுக்கும். மின்சாரமே வேண்டாம். காற்றை வைத்தே சோதிக்கலாம். டயர் பம்பின் குழாயை ஒரு டி-இணைப்பில் (T எழுத்து வடிவில் மூன்று வாய் உள்ள இணைப்பில்) மாட்டி, ஒரு பக்கம் நம்பகமான பிரஷர் மீட்டர், மறு பக்கம் நம் கேஜ். என் மகள் பம்ப் அடித்தாள், நான் இரண்டையும் படித்தேன்.

"அம்மா, அது 40, இது 42 காட்டுது. எதை எழுதட்டும்?"

இரண்டையும் எழுதச் சொன்னேன். 20, 40, 60 என ஏற்றியும் இறக்கியும் பார்த்ததில், எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே சின்ன வித்தியாசம்தான். காற்றை விட்டதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதுதான் முக்கியம். எப்போதாவது அளவுக்கு மீறி அழுத்தம் வாங்கிய போர்டான் குழாய் பழைய வளைவுக்குத் திரும்பாது. அதன் முள் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றுகொள்ளும்.

சூட்டுப் பாதிக்கு அடுப்பும் பாத்திரமும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். குமிழைத் தண்ணீரில் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றினேன். குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. முகப்பு ஃபாரன்ஹீட்டில் இருப்பதால், கொதிக்கும்போது 212 காட்ட வேண்டும். உயரமான ஊரில் இருப்பவர்கள் கழித்துக்கொள்ள வேண்டும்; சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். இந்தக் கேஜ்களில் கோடுகள் சம இடைவெளியில் இருக்காது. குளிர்ந்த பக்கம் நெருக்கமாகவும் சூடான பக்கம் அகலமாகவும் இருக்கும். ஆவியின் அழுத்தம் சூட்டோடு மேன்மேலும் வேகமாக ஏறுவதுதான் காரணம். நமக்கு நுணுக்கம் தேவைப்படுகிற இடத்தில் அளவுகோல் தானாகவே விரிந்து நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. 1960-களுக்கு முந்திய கேஜ்களில் இருட்டில் ஒளிரும் முள்ளும் எழுத்தும் இருந்தால், அது ரேடியம் கலந்த பெயின்டாக இருக்கக்கூடும். இப்போது ஒளிரவில்லையே என்று திறந்துவிட வேண்டாம். மங்கிப்போனது ஒளி தரும் ரசாயனம் மட்டும்தான். ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1600 ஆண்டு. உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய அபாயம். அப்படிப்பட்ட கேஜின் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. என்னுடையது பின்னால் பல்பு வைத்து ஒளியூட்டும் வகை, ஒளிர்பெயின்ட் கிடையாது. அதனால் குரோம் வளையத்தைத் திருப்பி, அதன் பற்களை உறையின் வெட்டுகளுக்கு நேரே கொண்டுவந்து கழற்றினேன். கண்ணாடியை மட்டும் கழுவினேன். முகப்பை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டிவிட்டதோடு சரி. ஈரத்துணி பட்டால் எழுத்து துணியோடு வந்துவிடும். பழைய ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது, அதற்குப் பதில் புதிது.

இனி டேஷ்போர்டு. ஐம்பது, அறுபது ஆண்டு தாங்கிய இரும்புத் தகட்டில் புதிதாக ஓட்டை போட எனக்கு மனமில்லை. அடுத்து இந்த வண்டியை வைத்திருப்பவருக்கு இந்தக் கேஜ் வேண்டாம் என்று தோன்றலாம். போட்ட ஓட்டையை இல்லையென்று ஆக்க முடியாது. என் மைனரில் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டிக்கு மூடி கிடையாது. அந்த வாயின் ஒரு ஓரத்துக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ஏற்கெனவே இருந்த திருகுத் துளைகளிலேயே பிடித்தேன். இரண்டு அங்குலக் கேஜ் என்று சொன்னாலும் துளை 52 மில்லிமீட்டர் வேண்டும். வட்டத் துளை வெட்டும் ஹோல் சாவை ஒரு சுற்று சின்னதாக எடுத்து, மீதியை அரைவட்ட அரத்தால் தேய்த்துப் பொருத்தினேன். தகட்டை லேசாக மேல்நோக்கிச் சாய்த்ததால், ஸ்டீயரிங் வளையத்தின் இடைவெளியில் முகப்பு முழுசாகத் தெரிகிறது.

ஆயில் குழாய்க்கு, பிளாக்கின் பின்பக்கம் விளக்கின் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டி-இணைப்பு. அதன் ஒரு வாயில் சுவிட்ச், மறு வாயில் கேஜ். விளக்கை எடுத்துவிடக்கூடாது. முள்ளைப் பார்க்காத நொடியில் கண்ணை இழுப்பது அதுதான். டி-இணைப்பு வாங்கும்போது மரையைக் கவனிக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் பைப் மரையில் அங்குலத்துக்கு 28 புரி, அமெரிக்க மரையில் 27. முதல் சில சுற்று ஒன்றுக்குள் ஒன்று நன்றாகவே போகும். பிறகு இறுகும், இறுகியது போல இருந்தபடியே ஆயில் கசியும். கையால் கடைசிவரை சுலபமாகத் திருக முடியாவிட்டால் ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

இன்ஜின் ஆடும், உடல் ஆடாது. இரண்டுக்கும் நடுவே நேராக இழுத்துக் கட்டிய செப்புக் குழாய் ஒருநாள் களைத்து முறியும். அதனால் இன்ஜின் பக்கம் ஒரு ரப்பர் ஹோஸ், பிறகுதான் செப்புக் குழாய், அதிலும் ஒரு தாராளமான வளையம். கேஜின் பின்னால் குழாயைப் பிடிக்கும் திருகு இணைப்பான யூனியனுக்குள் ஒரு சின்னத் தோல் வாஷர் உண்டு. அதை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். இறுக்கும்போது கேஜின் பக்கத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போர்டான் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

சூட்டுக் குமிழுக்கு ஹெட்டின் முன்பக்கத்தில், தெர்மோஸ்டாட்டுக்குக் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுக்குக்) கீழே அடைத்து வைத்த இடம் ஒன்று இருக்கிறது. அடைப்பை எடுத்து, அதற்கான அடாப்டரைப் போட்டதும் உட்கார்ந்துகொண்டது. ஈதர் குழாயை வெட்ட முடியாதல்லவா, மிச்சத்தை ஃபயர்வாலுக்குப் பின்னால் அகலமான சுருளாகக் கட்டிவிட்டேன்.

மின்சார வேலை, உள்ளே இருக்கும் 2.2 வாட் பல்பு மட்டும்தான். பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான லூகாஸின் வயர் நிற முறையில் டேஷ் விளக்குக்குச் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். அதிலிருந்து ஒரு கிளை. பல்பு எர்த் எடுப்பது கேஜின் உறை வழியே. பெயின்ட் அடித்த தகடு அதைத் தடுத்துவிடும் என்பதால், பின்புற ஸ்டட்டிலிருந்து உடலுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தேன். வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும், ஆனால் இழை பல்புக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

மின்சாரக் கேஜ் கிடைத்தவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 1960-களில் பரவலான இருலோகப் பட்டை வகை, வோல்ட்டேஜை நிலைப்படுத்தும் ஸ்டெபிலைசர் தரும் சராசரி 10 வோல்ட்டில் ஓடும், முள் நிதானமாக ஏறும். அதற்கு முந்திய காந்த வகை பேட்டரி வோல்ட்டேஜில் நேரடியாக ஓடும், சாவி போட்டதும் துள்ளும். ஒன்றின் சென்டரை (இன்ஜினில் அளந்து கேஜுக்கு அனுப்பும் உறுப்பை) மற்றதன் கேஜோடு சேர்த்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. கழற்றும்போதே சென்டரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது முள் ஒரு நொடி தயங்கி, பிறகு 65 வரை ஏறியது. குளிர்ந்த ஆயில் தடிமனாக இருப்பதால் அப்படித்தான். குழாயில் இருந்த காற்றை வெளியேற்றத் தேவையில்லை. அது அமுங்கி அழுத்தத்தைக் கடத்திவிடும். விளக்கு அணைந்த கணத்தைக் கவனித்தேன். முள் அப்போதுதான் பூஜ்யத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. இத்தனை காலம் நான் நம்பியிருந்தது அவ்வளவு சின்னச் சேதியை! தண்ணீர் முள் 180-ஐ நெருங்கி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி நிலைத்தது. தெர்மோஸ்டாட் திறந்த இடம் அது. இத்தனை நாளும் அது திறக்கிறதா இல்லையா என்பதைக்கூட ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 18, ஓட்டத்தில் 55. ஆயில் 20டபிள்யூ-50. இந்த மூன்றையும் தேதியோடு வண்டியின் நோட்டில் எழுதியாயிற்று. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் இதே சூட்டில் படித்து எழுதப் போகிறேன். சில நாள் ஓட்டியபின் எல்லா யூனியனையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, கேஜின் பின்னால் வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒற்றி எடுக்க வேண்டும். கசிவு இருந்தால் தரைவிரிப்பில் சொட்டுவதற்கு முன்பே காகிதத்தில் தெரிந்துவிடும்.