கல் ஒன்றுதான், கட்டுதான் வேறு

ஓடும் பேருந்தின் கண்ணாடியைக் கல்லால் உடைப்பது சட்டத்தின் முன் ஒரே குற்றம்தான். எறிந்தவர் ஆளுங்கட்சியா, எதிர்க்கட்சியா, சாதிச் சங்கமா, ஆலை வேண்டாம் என்று தெருவுக்கு வந்த ஊர்க்காரரா என்று எந்தப் பிரிவும் கேட்பதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து வழக்குக் கட்டுகளை அடுக்கிப் பார்த்தால், ஒருவருக்கு ஒரே வாய்தாவில் விடுதலை, இன்னொருவருக்கு இன்னும் பிடியாணை நிலுவை. பொதுவாக மக்கள் நீதிபதியைத்தான் சந்தேகிக்கிறார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் கலவர வழக்குகளைக் கையாளுகிறவர்களுக்குத் தெரியும்: அளவுகோல் மாறுவது பெரும்பாலும் கட்டு நீதிபதியின் மேசைக்கு வருவதற்கு முன்பே. அதற்குப் பிறகு இன்னொரு முறை, வழக்கைத் திரும்பப் பெறும் மனுவில்.

முதலில் முதல் தகவல் அறிக்கை. கலவர வழக்கில் புகார்தாரர் பேருந்து ஓட்டுநராகவோ, கிராம நிர்வாக அலுவலராகவோ, பாதுகாப்புப் பணியில் நின்ற உதவி ஆய்வாளராகவோ இருப்பார். அவர் பெயரில் எழுதப்படும் புகார் இரண்டு விதமாக அமையும். அமைப்பு பலமுள்ள கட்சியின் மறியலாக இருந்தால், பத்து இருபது பெயர்கள் தந்தை பெயர், வயதோடு தெளிவாக இருக்கும். சில இடங்களில் அந்தப் பட்டியலைக் கொடுப்பதே உள்ளூர்ப் பொறுப்பாளர்கள்தான். ஆட்கள் மண்டபத்தில் வைக்கப்பட்டு மாலையில் வீட்டுக்குப் போவார்கள். அமைப்பு இல்லாத கூட்டமாக இருந்தால், தெரிந்த ஐந்து பெயர், அதன் பிறகு ‘பெயர் விலாசம் தெரியாத சுமார் 300 நபர்கள்’.

இந்த ஒரு வரியில்தான் இரண்டு வழக்குகளும் பிரிகின்றன. பட்டியல் வழக்கில் கல் எறிந்தவன் பட்டியலில் இருப்பான் என்று எந்த உறுதியும் இல்லை. விசாரணையில் ஓட்டுநர் கூண்டில் ஏறி, ‘கண்ணாடி உடைந்தது, யார் உடைத்தார்கள் என்று பார்க்கவில்லை’ என்பார். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். வழக்கு அங்கேயே முடிந்தது. ‘300 நபர்கள்’ வழக்கு வேறு மாதிரி. அது மூடாத கதவு. மூன்று மாதம் கழித்தும் ஒரு தெருவுக்குள் போய் யாரையும் அதில் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கப்பட்ட இளைஞர் தண்டனை பெறாவிட்டாலும் கடவுச்சீட்டுக்கும், காவலர் தேர்வின் நன்னடத்தை விசாரணைக்கும் அந்த வழக்கு எண்ணைச் சுமந்தே அலைய வேண்டும். காவலர் தேர்வில் சந்தேகத்தின் பலனால் கிடைத்த விடுதலை கூட முழு விடுதலையாகக் கருதப்படுவதில்லை.

அடுத்தது பிரிவுகள். பழைய தண்டனைச் சட்டத்தில் 143 சட்டவிரோதக் கூட்டம், 147 கலகம், 148 ஆயுதத்தோடு கலகம், 353 அரசு ஊழியரைத் தடுத்துத் தாக்குதல், 436 கட்டடத்துக்குத் தீவைத்தல். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் கலகம் 191, அரசு ஊழியர் மீதான தாக்குதல் 132, தீவைப்பு 326. இவற்றோடு தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம். எந்தப் பிரிவை எழுதுகிறோம் என்பது வெறும் எண் விஷயம் அல்ல. 143ம், வழிமறித்தலுக்கான 341ம் மட்டும் என்றால் அன்றே நிலைய ஜாமீன், அபராதத்தோடு முடியும். சொத்துச் சேதச் சட்டம் சேர்ந்தால் ரிமாண்ட், ஜாமீனுக்குச் சேதத் தொகையைக் கட்டச் சொல்லும் நிபந்தனை. 436 என்றால் அமர்வு நீதிமன்றம்.

சேதச் சட்டத்தில் வழக்கு உடைவது பெரும்பாலும் சிறிய காகிதம் ஒன்றில். சேத மதிப்பைப் பணிமனை மேலாளரின் கடிதம் சொல்லும். அதற்கு ஆதாரமான மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையோ, கண்ணாடி மாற்றிய ரசீதோ கட்டில் இருக்காது. பேருந்து மறுநாளே வழித்தடத்துக்குப் போயிருக்கும். அக்கறை உள்ள விசாரணை அதிகாரி முதல் நாளே பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) எழுதி, மாதிரி வரைபடம் போட்டு, வண்டிக்குள் கிடந்த கற்களைச் சாட்சிகள் முன் கைப்பற்றி, ஆய்வாளரைக் கூப்பிட்டுவிடுவார். அந்த அக்கறை எல்லாக் கொடிக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. சமநிலை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது தீர்ப்பை அல்ல, அந்த மகஜரின் தேதியையும் நேரத்தையும்.

அடையாளம் காட்டுவது இன்னும் கடினம். முன்பின் தெரியாத ஒருவரைக் கூட்டத்தில் பார்த்த சாட்சி, மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் முதன்முதலாகக் கைகாட்டினால் அதற்கு எடை குறைவு. கைதானவுடன் முகத்தை மூடி அழைத்து வந்து, குற்றவியல் நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். படம் நாளிதழில் வந்த பிறகு நடத்தினால் பயனில்லை. பெருங்கூட்ட வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 1964இலேயே, மசால்தி வழக்கில், ஒரு எச்சரிக்கை அளவை ஏற்றுக்கொண்டது: ஒரே சாட்சியின் சொல்லை வைத்துத் தண்டிக்காமல், ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் ஒத்துச் சொல்கிறவர்களை மட்டும் தண்டிப்பது. அந்த வழக்கில் நான்கு சாட்சிகள் என்று வைத்தார்கள். நல்ல அளவுகோல். ஆனால் நான்கு சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது காவல் நிலையத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல.

இப்போது காணொளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சில வாரங்களுக்கு மட்டும். கடைக் கேமராவின் பதிவுப்பெட்டி பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். அதற்குள் நகல் எடுத்து, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் வாங்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, புதிய சட்டத்தில் 63. சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய படிவத்தில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். பாதுகாப்புப் பணிக்குக் காவல்துறை கூட்டி வரும் ஸ்டூடியோ ஒளிப்பதிவாளரை சாட்சிப் பட்டியலில் சேர்க்க மறந்தால், குறுந்தகடு கட்டில் கிடக்கும், சாட்சியமாகாது. எந்தப் போராட்டத்தின் காணொளி நீதிமன்றத்தில் சான்றாக முறையாகக் குறியீடு செய்யப்படுகிறது, எது தகடாகவே கிடக்கிறது என்று ஒப்பிட்டால் பல கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

சாட்சியமே தேவைப்படாத பாதை ஒன்றும் உண்டு. 1982ஆம் ஆண்டின் 14வது சட்டம், எல்லோரும் குண்டர் சட்டம் என்று சொல்வது. பன்னிரண்டு மாதம் வரை தடுப்புக் காவல். 2017 மே மாதம் சென்னை மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப் போன திருமுருகன் காந்தி உள்ளிட்ட நால்வர் மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மெழுகுவர்த்தி ஏந்த வந்தவருக்குத் தடுப்புக் காவல், பேருந்தின் மீது கல் விட்டவருக்கு மண்டபத்தில் மதியச் சாப்பாடு என்றால், அந்த இரண்டு முடிவுகளிலும் நீதிபதி எவரும் இல்லை.

அளவுகோல் ஆட்சியோடு எப்படி நகர்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் தருமபுரி வழக்கைப் போல வேறெதுவும் காட்டவில்லை. 2000 பிப்ரவரி 2. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை என்ற செய்தி வந்ததும் அ.தி.மு.க.வினரின் மறியல்கள். தருமபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டது. சுற்றுலா வந்த மாணவிகளில் மூவர் உள்ளேயே கருகி இறந்தார்கள். சம்பவத்தின்போது தி.மு.க. ஆட்சி. வழக்கு விசாரணைக்கு வந்தபோது அ.தி.மு.க. ஆட்சி. கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2003இல் வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. 2007 பிப்ரவரியில் மூவருக்குத் தூக்கு, மேலும் 25 பேருக்குச் சிறை. 2010இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் அதே நீதிமன்றம், கூட்ட வெறியில் நடந்தது, அந்த மாணவிகளைக் கொல்லும் முன்திட்டம் இல்லை என்று கருதி ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலையில், மூவரும் வெளியே வந்தார்கள். அப்போது அ.தி.மு.க. ஆட்சி.

தூக்குத் தண்டனை குறைந்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. என்னை உறுத்துவது கிருஷ்ணகிரி. சம்பவம் நடந்தது பட்டப்பகலில், நெடுஞ்சாலையில், காவலர்களும் செய்தியாளர்களும் இருந்த இடத்தில். அப்படிப்பட்ட வழக்கையே சாட்சிப் பிறழ்வால் கரைத்துவிட முடியுமென்றால், கண்ணாடி உடைந்த வழக்குகள் எம்மாத்திரம்?

மதுரை இதன் மறுபக்கம். 2007 மே 9. கருத்துக்கணிப்பு ஒன்றைக் கண்டித்து வந்த கும்பல் தினகரன் அலுவலகத்தில் பெட்ரோல் குண்டு வீசியது. ஊழியர்கள் மூவர் புகையிலும் தீயிலும் மாண்டார்கள். அப்போது தி.மு.க. ஆட்சி. விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. 2009 டிசம்பரில் 17 பேரும் விடுதலை. சாட்சிகள் பிறழ்ந்திருந்தார்கள். சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டோடு, இறந்த ஊழியர் ஒருவரின் தாயும் மனுச் செய்தார். 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரே சாட்சியம், ஒரே கட்டு. முதல் நீதிமன்றத்தில் முழு விடுதலை, மேல் நீதிமன்றத்தில் ஆயுள். இரண்டு கட்சிகள், இரண்டு ஊர்கள், இரண்டிலும் மூன்று உயிர்கள். எந்தக் கட்சியை விரும்புகிறவரும் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசி வாசல், வழக்கைத் திரும்பப் பெறுவது. பழைய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 321, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 360. அரசாணை வரும், அது மாவட்டம் வழியாக அரசு வழக்கறிஞர் மேசைக்கு வரும், அவர் மனுப் போடுவார், நீதிமன்றம் இசைவு தர வேண்டும். நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவதற்கு (எழுத்தில் பதிவு செய்வதற்கு) முன் என்றால் விடுவிப்பு, பின் என்றால் விடுதலை. அரசு வழக்கறிஞர் அரசாணையைக் கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர் அல்ல. கட்டைப் படித்துத் தானே முடிவுக்கு வர வேண்டும் என்பதுதான் சட்டம். நடைமுறையில் மனுவில் இருக்கும் மூன்று வரிகளும் எல்லா வழக்கிலும் ஒன்றுதான்: பொதுநலன் கருதி, அமைதி கருதி, அரசாணை எண் இன்னது.

இந்த அதிகாரம் கெட்டது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கூடங்குளம் தீர்ப்பில், 2013 மே 6இல், போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. மறுபக்கம், கேரளச் சட்டமன்றத்தில் 2015இல் நாற்காலிகளையும் கணினிகளையும் உடைத்த உறுப்பினர்கள் மீதான வழக்கை அரசு கைவிட முயன்றபோது, 2021 ஜூலையில் அதே நீதிமன்றம் மறுத்தது. சேதம் 2,20,093 ரூபாய். அடுத்த மாதமே, மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெறக் கூடாது என்றும் உத்தரவிட்டது. பதவியில் இல்லாத கட்சிக் கிளைச் செயலாளர்கள் மீதான வழக்குகளுக்கு இந்தக் காப்பு பொருந்தாது.

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 2017 ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. காவலர்களைத் தாக்கியது, தீவைத்தது போன்ற வழக்குகளுக்கு விலக்கு. ஆளைப் பார்க்காமல் செயலைப் பார்த்துக் கோடு போட்ட அறிவிப்பு என்ற வகையில் அது சரியானது. சிக்கல் எங்கே என்றால், ஒரே முதல் தகவல் அறிக்கையில் 300 பேருக்கும் சேர்த்து 436 போட்டிருந்தால், சும்மா உட்கார்ந்திருந்தவரும் விலக்குக்குள் மாட்டிக்கொள்வார். முதல் நாள் எழுதிய அந்த ஒற்றை வரி நான்கு வருடம் கழித்தும் வேலை செய்கிறது. இதைத் தவிர்க்க வேண்டுமானால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போதே யார் என்ன செய்தார் என்று ஆளுக்கொரு பத்தி இருக்க வேண்டும்.

காவலர் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கூட்டத்தைக் கலைக்கும்போது நடந்ததற்காகக் காவலர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தில் 132, புதியதில் 151. தூத்துக்குடியில் 2018 மே 22இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. கல் எறிந்தவருக்கு அன்றிரவே ரிமாண்ட், சுட்டவருக்கு முன் அனுமதி. ஒரே தெருவில், ஒரே மணி நேரத்தில் நடந்த இரண்டு வன்முறைகளுக்குச் சட்டமே இரண்டு வாசல் வைத்திருக்கிறது.

புதிய 360இல் ஒரு நல்ல வரி சேர்ந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் வழக்கைத் திரும்பப் பெற இசையக் கூடாது. தருமபுரியில் ஒரு தந்தையும் மதுரையில் ஒரு தாயும் தாங்களாகவே படியேறித்தான் கேட்க வைத்தார்கள். இனி நீதிமன்றமே அழைக்க வேண்டும். ஆனால் மனுவோடு பாதிக்கப்பட்டோர் பட்டியலை இணைக்கும் இடத்தில், எரிந்த பேருந்துக்கு எதிரே போக்குவரத்துக் கழகத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் அழைப்பாணை பணிமனைக்குப் போகும். கண்ணில் கண்ணாடித் தூள் விழுந்த ஓட்டுநருக்கும், எரிந்துபோன தள்ளுவண்டிக்குச் சொந்தக்காரருக்கும் தனித்தனி அழைப்பாணை சார்பு செய்யப்பட்டதா (கையில் சேர்ப்பிக்கப்பட்டதா) என்று அந்த வாய்தாவிலேயே எழுத்தில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.