வன்னிக்குக் கிடைத்தது, கருவேலுக்குக் கிடைக்கவில்லை

தாவரவியல் முதலாண்டு வகுப்பில் கருவேலத்துக்கு வாச்சேலியா நைலோட்டிகா என்று எழுதிப் போட்டதும் எப்போதும் ஒரு கை உயரும். "மேடம், ஸ்கூல்ல அகேசியான்னுதானே படிச்சோம்?" நல்ல கேள்வி. அதற்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. வன்னி மரத்தில்தான் ஆரம்பிப்பேன்.

தாவரங்களுக்கு இரட்டைச் சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1767-இல் புரோசோபிஸ் என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதி; பெயரின் முதல் சொல் அதுதான்) உண்டாக்கியபோது அதற்குள் வைத்தது நம் வன்னியைத்தான். பிறகு வந்தவர்கள் அமெரிக்கக் கண்டத்து மரங்களையும் அதற்குள் சேர்த்துக்கொண்டே போனார்கள். கண்மாய்களை வளைத்துக்கொண்ட சீமைக்கருவேல் அப்படி வந்ததுதான். மொத்தம் 57 இனங்கள் சேர்ந்துவிட்டன. மரபணுவைப் பார்த்தபோது இவை ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டம் அல்ல என்று தெரிந்தது. 2022-இல் பேரினத்தை நான்காக உடைத்தார்கள்.

உடைந்தால் பழைய பெயர் யாருக்கு? இதற்கு விதி உண்டு. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு குறிப்பிட்ட இனத்தோடு கட்டப்பட்டிருக்கும். அதை 'டைப்' என்போம். டைப் எந்தத் துண்டில் இருக்கிறதோ, பெயர் அந்தத் துண்டுக்குத்தான். எத்தனை இனங்கள், எவ்வளவு பரப்பு, யாருக்குப் பயன் என்பதெல்லாம் கணக்கில் வராது. புரோசோபிஸின் டைப் வன்னி. ஆகவே வன்னியும் அதன் உறவுகளுமாக மூன்றே இனங்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டன. சீமைக்கருவேல் உள்ளிட்ட 43 இனங்கள், ரஃபினெஸ்க் என்ற தாவரவியலாளர் 1838-இலேயே வைத்திருந்த நெல்டுமா என்ற பெயருக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

அகேசியாவுக்கும் இதே நிலைமைதான் வந்தது. 1,300-க்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய பேரினம். அதுவும் ஒரே கூட்டம் அல்ல என்று தெரிந்துவிட்டது. அதன் டைப் நம் கருவேல்தான். விதிப்படி ஆப்பிரிக்காவும் இந்தியாவும் பெயரை வைத்துக்கொள்ள, ஆஸ்திரேலியாவின் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள் வேறு பெயருக்குப் போயிருக்க வேண்டும். இத்தனை பெயர்களை மாற்றினால் குழப்பம் வரும் என்று சொல்லி, டைப்பையே மாற்றி ஆஸ்திரேலிய மரம் ஒன்றை அந்த இடத்தில் வைக்கலாம் என 2003-இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். விதி நூலிலேயே அதற்கு வழி இருக்கிறது. அதைப் பரிசீலித்த பெயரிடல் குழு ஏற்கும்படி பரிந்துரைத்தது. 2005-இல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தவர்கள் பாதிக்கு மேல். ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 சதவீதம் வேண்டும். அது வரவில்லை. 2011-இல் மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதிசெய்தது.

பெரும்பான்மை எதிர்த்த ஒன்று நிறைவேறியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. எண்ணிக்கையைக் காட்டிப் பெயரைக் கேட்பது நியாயமென்றால், மூன்று இனங்களோடு நிற்கும் வன்னியிடமிருந்தும் பெயரைப் பிடுங்கியிருக்க வேண்டுமே. இன்று நீலகிரியில் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் அகேசியா. கண்மாய்க்குள் காலங்காலமாக நிற்கும் கருவேல் அகேசியா இல்லை. ஆனாலும் முடிவான பெயரைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறேன். உலகில் எந்த மூலையில் இருப்பவரும் அதே பெயரால் அதே மரத்தைப் புரிந்துகொள்வது என் மனத்தாங்கலைவிட முக்கியம்.

புதுப் பெயரும் அந்நியம் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். சென்னை மாகாணத்தில் மருத்துவராக வேலை பார்த்த ராபர்ட் வைட்டும் அவர் நண்பர் ஆர்னாட்டும் 1834-இல் கஸ்தூரிவேலுக்கு வைத்த பேரினப் பெயர்தான் வாச்சேலியா. அதே இருவர் பெயரிட்டதுதான் நம் தென்மாவட்டங்களின் உடை மரமும்: அன்று அகேசியா பிளானிஃப்ரான்ஸ், இன்று வாச்சேலியா பிளானிஃப்ரான்ஸ். முதல் சொல் மாறியும் இரண்டாவது சொல் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். கருவேலை லின்னேயஸ் 1753-இல் மைமோசா நைலோட்டிகா என்றார். மைமோசா போய் அகேசியா வந்தது, அகேசியா போய் வாச்சேலியா வந்தது, நைலோட்டிகா நகரவில்லை. பழைய நூல்களில் தேடும்போது அந்த இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரியத்தில் பழைய லேபிளை ஒருபோதும் கிழிக்க மாட்டோம். அதன் பக்கத்தில் புதுப் பெயர், அடையாளம் கண்டவர் பெயர், ஆண்டு எழுதிய சிறு சீட்டை ஒட்டுவோம். போன வாரம் மூன்றாமாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் குடும்பத்துத் தாள்களை எல்லாம் பார்த்தோம். 'கருவேல்' என்று எழுதியிருந்த ஒரு தாளில் காய் வைக்கோல் நிறத்தில் தட்டையாக இருந்தது. பூ வெளிறிய நீளக் கதிர். கருவேலின் காய் சாம்பல் பூத்து, ஒவ்வொரு விதைக்கும் நடுவே இடுங்கி மணிமாலைபோல இருக்கும். பூ மஞ்சள் உருண்டை. தாளில் இருந்தது சீமைக்கருவேல். ஒரு மாணவி சீட்டில் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று எழுதி, கீழே புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்பதையும் சேர்த்தாள். நான்தான் சேர்க்கச் சொன்னேன். நீதிமன்ற உத்தரவிலும் வனத்துறைக் கோப்பிலும் அந்தப் பழைய பெயர்தானே இருக்கிறது.