போர்வை எந்தக் கதவில்?

அமெரிக்காவில் டெக்சாஸின் டல்லாஸிலிருந்து வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவுக்கு ஆயிரம் மைலுக்கு மேல். கன்சாஸ் சிட்டி வரை ஐ-35 நெடுஞ்சாலை, அப்புறம் ஐ-29 பிடித்து நேர் வடக்கே இரண்டு நாள் ஓட்டினேன். பின்சீட்டில் குக்கர், பொன்னி அரிசி, இட்லித் தட்டு. டிராவல் நர்ஸாக, அதாவது ஊர் ஊராகப் போய்ச் சில மாதம் மட்டும் வேலை பார்க்கும் நர்ஸாக, இது எனக்கு ஐந்தாவது ஊர். 13 வாரக் காண்ட்ராக்ட். வாரத்தில் மூன்று ராத்திரி, ஏழிலிருந்து ஏழு வரை.

"இன்னும் நாடோடிப் பொழப்புதானா மக்களே?" என்கிறாள் அம்மா, நாகர்கோவிலிலிருந்து. காசு நல்ல காசுதான். ஆனால் டல்லாஸ் வீட்டு வாடகையையும் விடாமல் கட்டினால்தான் இங்கே தங்கத் தரும் வாடகைப் படிக்கு வரி கிடையாது. ஆக, இரண்டு வாடகை. போன வருடம் ஓரிடத்தில் ஏழாவது வாரமே காண்ட்ராக்டை ரத்து செய்துவிட்டார்கள். நான் மூன்று மாத வாடகையை முன்னாலேயே கட்டியிருந்தேன். வேறு வார்டில் ஆள் குறைந்தாலும் முதலில் அனுப்புவது எங்களைத்தான்.

இங்கே ஓரியண்டேஷன் ஒரே ஒரு ஷிஃப்ட். அடுத்த ராத்திரி ஐந்து நோயாளிகள் என் பொறுப்பில். இதயம் பலவீனமாகி ஆறு நாளாகப் படுத்திருந்த ஒரு விவசாயித் தாத்தா, குளிருது, போர்வை வேண்டும் என்றார். நான்கு கதவுகளைத் திறக்கப் பார்த்தேன். இரண்டுக்குப் பூட்டின் கோட் எண் தெரியாது, ஒன்றில் அழுக்குத் துணி, இன்னொன்றில் ஐஸ் மெஷின். பதினைந்து வருட சர்வீஸ், ஒரு போர்வை எடுக்க முடியவில்லை. வெறுங்கையோடு வந்து நின்றேன்.

"ஐஸ் மெஷினுக்கு எதிர்க் கதவு. நடுத்தட்டில் சூடாக இருக்கும்" என்றார் அவர்.

போர்த்திவிட்டதும், என் காரில் பிளாக் ஹீட்டர் உண்டா என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. இந்த ஊர்க் கார்களின் மூக்கிலிருந்து பிளக் வயர் தொங்குவதைப் பார்த்து, ஏதோ கழன்று கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க, ராத்திரியெல்லாம் போனைச் சார்ஜ் போடுவதுபோல் காரை மின்சாரத்தில் மாட்டி வைப்பார்களாம். டெக்சாஸ் காருக்கு அதெல்லாம் ஏது?

காலையில் மைனஸ் 28 டிகிரி செல்சியஸ். கார் முனகக்கூட இல்லை. செக்யூரிட்டி தம்பி ஜம்பர் கேபிளோடு வந்து கிளப்பிவிட்டார்.

ஹீட்டர் மாட்டியாயிற்று என்று தாத்தாவிடம் சொல்ல நினைத்திருந்தேன். அடுத்த ஷிஃப்டுக்குப் போனபோது அவர் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார். அந்தக் கட்டிலில் புதிதாக வந்திருந்த அம்மா போர்வை கேட்டார். நேரே போய் எடுத்துவந்தேன்.