ஆடியோகிராம் போடக் கற்றுக்கொண்ட வருடம்

காது கேட்கும் திறனையும் பேச்சையும் பற்றிய பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டப்படிப்பு நான்கு வருடம். முதல் மூன்று வருடம் வகுப்பும் கிளினிக்கும் சேர்ந்து ஓடும். கடைசி வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். நான் வெளியூரில் படித்துவிட்டு, இன்டர்ன்ஷிப்பில் ஒரு பகுதியை நாகர்கோவிலில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் செய்தேன். தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து ஆடியோகிராம் என்ற வரைபடம் போட உதவும் ஆடியோமீட்டரை இயக்கச் சீக்கிரமே பழகிவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவரிடமிருந்து நம்பத்தக்க பதிலை வாங்கப் பழகுவதற்குத்தான் அந்த வருடம் முழுக்கத் தேவைப்படுகிறது.

ஆரம்பத்தில் சூப்பர்வைசர் மேடம் என்னை ஆடியோமீட்டர் பக்கமே விடவில்லை. ஓட்டோஸ்கோப்பால் காதுக்குள் பார்ப்பது, நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது, இவ்வளவுதான் வேலை. "காது கேக்குமா?" என்றால் பெரும்பாலும் "கேக்குமே" என்றுதான் பதில் வரும். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது யார், கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரிகிறதா, போனை எந்தக் காதில் வைக்கிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சீழ் வடிந்ததா, இரைச்சல் உண்டா, தலை சுற்றுமா, என்ன தொழில் என்பதையெல்லாம் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். கருவி சொல்லாத பாதிக் கதை இந்தப் பதில்களில்தான் இருக்கும்.

அப்புறம்தான் ஆடியோமெட்ரி: ஹெட்போனில் சத்தம் கொடுப்போம், கேட்டால் நோயாளி பட்டனை அமுக்க வேண்டும். நன்றாகக் கேட்கும் காதில் 1000 ஹெர்ட்ஸில் தொடங்குவோம். கேட்டால் 10 டெசிபெல் இறக்கம், கேட்காவிட்டால் 5 டெசிபெல் ஏற்றம். இது புத்தகத்திலேயே இருக்கிறது. வயதானவர்கள் சத்தம் தெளிவாகக் கேட்கும்வரை பட்டனை அழுத்தாமல் காத்திருப்பார்கள் என்பதை மட்டும் நேரில்தான் பார்க்க முடியும். "பாட்டா, எங்கேயோ தூரத்துல கேக்குற மாதிரி இருந்தாலும் அமுக்குங்க, தப்பானாலும் பரவாயில்ல" என்று சொன்ன பிறகு அதே மனிதரின் கிராஃப் மேலே ஏறுவதை (மேலே போனால் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம்) பலமுறை பார்த்தேன். மற்ற அலைவரிசைகளை வரிசையாக முடித்துவிட்டு 1000 ஹெர்ட்ஸுக்கே திரும்பி வந்து சரிபார்க்க வேண்டும். முதல் அளவுக்கும் இதற்கும் 5 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடியும் விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியதுதான்.

நம் கடற்கரைக்கென்று ஒரு பாடம் தனியாக உண்டு. கடலுக்குப் போய் வந்த கையோடு, காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் வந்தார். நான் ஹெட்போனை எடுத்தேன். "மக்கா, அவரு காலையிலதான் கரைக்கு வந்திருக்காரு. ஓய்வெடுத்துட்டு வரட்டும்" என்றார் மேடம். இன்ஜின் சத்தத்திலேயே இருந்த காது கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிடும். குறைந்தது 14 மணி நேரமாவது அமைதியில் இருந்த பிறகு சோதித்தால்தான் நிரந்தரமான இழப்பு எவ்வளவு என்று தெரியும். அவர் திரும்பி வந்தபோது கிராஃப் 4000 ஹெர்ட்ஸில் மட்டும் சரிந்து 8000-இல் மீண்டும் ஏறியது. இரைச்சல் பாதித்த காதுகளில் வழக்கமாகப் பார்க்கும் வடிவம் அது. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஜூன், ஜூலை தடைக்காலம்தான் காது பார்க்கச் சரியான நேரம் என்பேன்.

ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது குறுக்கிடாமல் இருக்க அதில் இரைச்சல் கொடுக்கும் மாஸ்கிங்கைத்தான் நான் அதிகமாக மல்லுக்கட்டிப் படித்தேன். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மறு காது நன்றாகக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 40 டெசிபெல் வித்தியாசத்தில் அது மண்டையோட்டின் வழியாக மறு காதுக்குப் போய்ச் சேரும். நோயாளி பட்டனை அமுக்குவார், அந்தக் காதும் ஓரளவு கேட்கிறது என்று நாம் எழுதிவிடுவோம். எலும்பு வழியில் சோதிக்கும்போது இந்த 40-கூடக் கிடையாது. காதுக்குப் பின்னால் வைப்ரேட்டரை எந்தப் பக்கம் வைத்தாலும் இரண்டு காதும் கேட்கும். அதனால் நல்ல காதுக்குள் ஓர் இரைச்சலைக் கொடுத்து அதை மும்முரமாக்கி வைத்துவிட்டு மறு காதைச் சோதிக்கிறோம். இரைச்சலைப் படிப்படியாகக் கூட்டியும் தொடர்ந்து மூன்று படிகளிலும் அளவு நகராமல் நின்றால் அது அந்தக் காதின் உண்மையான அளவு. கூட்டக் கூட்ட அளவும் ஏறிக்கொண்டே போனால் இன்னும் மறு காதுதான் பதில் சொல்கிறது. மேடம் பழைய ஆடியோகிராம்களைக் கொடுத்து, எங்கே மாஸ்கிங் தேவை என்று மட்டும் குறித்து வரச் சொல்வார். மாணவர்களைப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கைக்குழந்தையிடம் பட்டனைக் கொடுக்க முடியாது. அங்கே ஓ.ஏ.இ. (சத்தத்துக்கு உள்காது திருப்பித் தரும் மெல்லிய ஒலியைப் பதிவது), பெரா (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் பதிலைப் பதிவது) சோதனைகள்தான். பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். குழித்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் குழந்தை வழியெல்லாம் தூங்கிவிட்டு, எலெக்ட்ரோடு ஒட்டும்போது கண்ணைத் திறந்து சிரிக்கும். ஆகவே முந்தின நாளே அம்மாவிடம் போனில் பேசுவோம்: "அக்கா, பஸ்ஸுல தூங்க விடாதீங்க, இங்க வந்து பால் குடுங்க." பிறந்து 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்பதுதான் கணக்கு. ஒரு நாள் தூக்கம் வீணானாலும் அடுத்த தேதி தள்ளிப்போகும். அந்தக் குழந்தைக்குப் பேச்சு வரும் நாளும் அதோடு தள்ளிப்போகும். இதை நான் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன்.

காது மிஷின் பொருத்தும் வேலையில் இயர் மோல்டுக்கு (மிஷினோடு சேர்த்துக் காதுக்குள் பொருந்தும் துண்டு) அச்செடுப்பதை கவனமாகப் படியுங்கள். நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குழாயின் இரண்டாம் வளைவு தாண்டி வைக்காமல் சிலிக்கான் ஊற்றக் கூடாது. மற்றபடி, மிஷின் கொடுத்த பிறகு வரும் நாட்கள்தான் முக்கியம். நம் ஊர் ஈரக் காற்றில் ராத்திரி அதை சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கச் சொல்ல வேண்டும். பேட்டரி ஸ்டிக்கரை உரித்தால் ஒரு நிமிடம் விட்டுப் போட வேண்டும், தேவைப்படும் முன்பே உரித்துவைக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்து, நம் முன்னாலேயே அவர்களை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மிஷின் பீரோவுக்குப் போய்விடும். விற்பனை மட்டும் நடக்கும் இடத்தில் போஸ்டிங் கிடைத்தால், பொருத்திய பிறகு திரும்ப வருகிறவர்களைப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். கொடுக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

கடைசியாக நடைமுறை. படிப்பு முடிந்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவெண் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. லாக்புக்கில் சூப்பர்வைசரின் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் எந்த கேஸில் என்ன செய்தோம் என்று அவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது.