லேபில் கிடந்த பழைய கெமிக்கல்களை வெளியேற்றிய கதை

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவர்களுக்கு இது உதவலாம். காலாவதியான கெமிக்கல்களை அகற்றுவதை வேதியியல் வேலை என்று நினைத்து இறங்காதீர்கள். முக்கால்வாசி ரெஜிஸ்டர் வேலை. பாட்டில் வெடித்தால் என்ன ஆகும் என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இருப்பில் ஒன்று குறைந்தால் ஆடிட்டில் என்ன பதில் சொல்வது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நான் மாறுதலில் வந்தபோது அலமாரி ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருந்தது. பார்வைக்கு ஒழுங்குதான். ஆனால் அந்த ஒழுங்கில் அசிட்டிக் அமிலத்தை ஒட்டி அம்மோனியம் நைட்ரேட் உட்கார்ந்திருந்தது. அம்மோனியா பாட்டிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே இரும்பு பீரோவுக்குள். எல்லாப் பாட்டில் மேலும் வெள்ளையாக ஒரு படலம். லேப் அட்டெண்டர் அண்ணன் அதைச் சாக்பீஸ் தூசி என்று வருஷக்கணக்கில் துடைத்துக்கொண்டிருந்தார். அது அம்மோனியம் குளோரைடு. பீரோவின் அடித்தட்டு துருவேறி ஓட்டையாகியிருந்தது, பாதி லேபிள்களை அமிலப் புகை தின்றிருந்தது.

பிரித்து அடுக்குவது பெரிய வேலையில்லை. அமிலம், காரம், ஆக்ஸிஜனேற்றி, தீப்பற்றுபவை என்று தனித்தனியாக. அமிலங்கள் கீழே, பிளாஸ்டிக் தட்டின் மேல். பெயர் தெரியாத பாட்டிலை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வீரம் மட்டும் வேண்டாம். ‘தெரியாதது’ என்று எழுதி, எண் போட்டுத் தனியாக வையுங்கள்.

அப்புறம்தான் அலைச்சல் ஆரம்பித்தது. வேண்டாதவற்றைக் கண்டம் பண்ண, அதாவது உபயோகமற்றது என்று கணக்கிலிருந்து கழிக்க, வேண்டும் என்று மேலதிகாரி அலுவலகத்துக்குப் போனேன். உடைந்த பெஞ்ச், டெஸ்க்குக்கு இருக்கும் அதே படிவத்தைக் கொடுத்தார்கள். அதில் ‘ஏலத்தில் எதிர்பார்க்கப்படும் தொகை’ என்று ஒரு கட்டம். “லேபிள் போன பொட்டாசியம் டைகுரோமேட்டை யார் சார் ஏலம் எடுப்பாங்க?” என்று கேட்டேன். “கட்டம் காலியா இருந்தா ஃபைல் நகராது மேடம்” என்றார் எழுத்தர். சைபர் போட்டுக் கொடுத்தேன். மதிப்பே இல்லாத பொருளை எதற்காக இருப்பில் வைத்திருந்தீர்கள் என்று விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொருவர் தணிந்த குரலில், “பின்னால ஒரு குழி தோண்டிப் புதைச்சிடுங்க, யாரு கேக்கப் போறா” என்றார். எங்கள் பள்ளியின் போர்வெல் இருப்பதே பின்னால்தான். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாததா?

வழி காட்டியவர், ஓய்வுபெற்ற தணிக்கைக்காரர் ஒருவர். கெமிக்கல் என்பது மேஜை நாற்காலி மாதிரி நிலையான பொருள் இல்லை, தீர்ந்துபோகும் பொருள். கண்டம் படிவத்துக்குள்ளேயே போகாதீர்கள் என்றார். தலைமை ஆசிரியர், இரண்டு பாட ஆசிரியர்கள் கொண்ட குழு பார்த்து, ‘பயன்படுத்தத் தகுதியற்றது’ என்று காரணத்துடன் தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டு, செலவுப் பதிவேட்டில் கழித்தோம். அதற்குப் பின் வந்த ஆடிட்டில் ஒரு கேள்வியும் வரவில்லை. இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள், நிறைய பஸ் கட்டணம் மிச்சமாகும்.

இதற்கு நடுவில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு சின்னப் பாட்டில். கார்போனைல் சோதனைக்கு போர்ஷ் காரணி தயாரிக்கும் 2,4-டைநைட்ரோஃபீனைல் ஹைட்ரசீன். ஆரஞ்சு நிறத் தூள். ஈரமாக இருக்கும்வரை சாது, காய்ந்துவிட்டால் உரசலிலேயே வெடிக்கக்கூடியது. எங்கள் பாட்டிலின் மூடி ஓரமெல்லாம் பொருக்கு. ‘இத்தனை வருஷம் வெடிக்கலையே டீச்சர்’ என்றார்கள். 2016 கடைசியில் பிரிட்டனில் பல பள்ளிகளுக்கு இதே பொருளுக்காக வெடிகுண்டு நிபுணர்கள் வந்து, வெட்டவெளியில் வெடிக்கவைத்து அழித்த செய்தியைப் பிரிண்ட் எடுத்து எச்.எம். மேஜையில் வைத்தேன். அன்றைக்கே அறையைப் பூட்டி, காவல் நிலையத்துக்குக் கடிதம் போனது. வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வந்து எடுத்துப் போகும்வரை யாரும் அந்த மூடியைத் தொடவில்லை. உங்கள் லேபிலும் இன்றைக்கே பாருங்கள். பொருக்கு தெரிந்தால் மூடியைத் திருகாதீர்கள், நகர்த்தாதீர்கள். பிக்ரிக் அமிலத்துக்கும் இதே எச்சரிக்கைதான். இனி தூளாக வாங்கவே வேண்டாம், பள்ளித் தேவைக்குக் கரைசலே போதும்.

சோடியம் பாட்டிலில் மண்ணெண்ணெய் வற்றிப்போயிருந்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கி மூழ்கடித்தேன். தெளிவான எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். மலச்சிக்கலுக்குத் தரும் பால் போன்ற கலவையில் தண்ணீர் இருக்கும், அதை ஊற்றினால் கதை வேறு.

மீதிக் கழிவை, பக்கத்துக் கல்லூரி தன் கழிவோடு சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுத்தது. எழுதிக் கேட்டதும் சம்மதித்தார்கள். இந்த ஒன்றுதான் சிக்கலில்லாமல் முடிந்தது.

கடைசியாக ஆசிட் பதிவேடு. அமில வீச்சு தொடர்பான லக்ஷ்மி வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு கல்விக்கூடங்களுக்கும் பொருந்தும். அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைத்து அதைக் கோட்ட நிர்வாகத்துறை நடுவரிடம், அதாவது நம் ஊரில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம், தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். லேபை விட்டு வெளியே போகும் மாணவர்களைச் சோதிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எழுத்தர் தாலுகாவுக்குப் போகச் சொன்னார், தாலுகாவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஸ்டேஷனில், “யார் மேலயாவது ஊத்திட்டாங்களா மேடம்?” என்று பதறினார்கள். தீர்ப்பின் நகலில் அந்தப் பத்தியைக் கோடிட்டு எடுத்துப் போய் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்த பிறகுதான் முத்திரை விழுந்தது. நீங்கள் நேராகத் தபால் பிரிவுக்கே போய்விடுங்கள், இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். என்னை அலையவிட்ட அதே எழுத்தர், பதிவேட்டு மாதிரி கேட்டு வரும் மற்ற பள்ளிக்காரர்களை இப்போது என்னிடம்தான் அனுப்புகிறார்.