பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்

வெயில் ஏறிவிட்டது. பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது சாதாரணம். பூனை அப்படிச் செய்தால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பூனைக்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். மற்றபடி உடம்பை நக்கி நக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை; 40-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். எச்சில் ஒழுகுவது, ஈறு செக்கச் செவேலென்று இருப்பது, தள்ளாடுவது, வாந்தி எல்லாமே அறிகுறிகள்.

உடனே நிழலுக்குத் தூக்கி வாருங்கள். சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீரால் உடம்பையும் பாதத்தையும் நனைத்து, ஃபேன் காற்றில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். தெளிந்த மாதிரி தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு வெளியே தெரியாது.

தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். மீசை இடிக்காத அகலக் கிண்ணம் என்றால் பல பூனைகள் விரும்பிக் குடிக்கும். பெர்சியன் மாதிரி தட்டை மூக்குப் பூனைகளுக்கும், குண்டான, வயதான பூனைகளுக்கும் கூடுதல் கவனம் தேவை.

பீரோ, ஷெட், கார் கதவை மூடும் முன் ஒருமுறை உள்ளே குனிந்து பாருங்கள். சத்தமில்லாமல் நுழைந்து தூங்கிவிடும், பாவம்.