வலது பக்கக் கம்பி

பிளம்பிங் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, புடிச்சு எந்திரிக்க நான் மாட்டுன கைப்பிடிக் கம்பிய நானே கழட்டுனது மதுரையில ஒரே ஒரு வீட்லதான். அந்த வீட்டம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, வீல்சேர்லயே உள்ள போய் உக்காந்து குளிக்கிற மாதிரி பாத்ரூம மாத்தணும்னு மகன் போன் பண்ணார். எந்தப் பக்கம்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

முதல் சண்டையே வாசல்ல இருந்த கிரானைட் தடுப்புக்குத்தான். ரெண்டு இன்ச்தான் உயரம், ஆனா வீல்சேருக்கு அது மலை. கொத்தனார் "அத எடுத்தா தண்ணி ரூமுக்கு வந்துரும்ணே"ன்னு ஒத்தக்கால்ல நின்னார். தரைய ஏத்தி, அடிக்கு கால் இன்ச் வாட்டம் கதவுக்கு எதிர்ப்பக்கமா குடுத்து, வாசல் ஓரமா தண்ணி வடியுறதுக்கு நீளமா ஒரு சேனல் போட்டு, ரெண்டு வாளி தண்ணிய ஊத்திக் காட்டுனப்புறந்தான் மனுஷன் அடங்குனார். ரெண்டரை அடி கதவையும் எடுத்துட்டு மூணடியில வெளிய தொறக்குற மாதிரி மாட்டிட்டோம், உள்ள யாராவது விழுந்தா ஆளே கதவ அடச்சுக்குவாங்கல்ல, அதான்.

எதிர்ச்சுவத்துல மடக்கு சீட்டு. அதுல உக்காந்தா வலது பக்கம் ஒம்பது இன்ச் வெளிச்சுவர், இடது பக்கம் அடுப்படிக்கு நடுவுல இருக்குற நாலரை இன்ச் சுவர். நான் வெளிச்சுவத்துலயே கம்பிய மாட்டிட்டேன், ஏன்னா அதுல ஆங்கர் போல்ட் நல்லா புடிக்கும், எனக்கு வேலை சுளுவு, இதுக்கு மேல காரணம் எதுவும் கெடையாது. அமெரிக்கா ரூல்ல 33லருந்து 36 இன்ச் உயரம்னு இருக்கு, 250 பவுண்டு, அதாவது நம்ம கணக்குக்கு 113 கிலோ, தாங்கணும், கம்பிக்கும் சுவத்துக்கும் ஒன்றரை இன்ச் இடைவெளி விடணும், இத எல்லாம் ரசமட்டம் வச்சு சுத்தமா பண்ணேன்.

வேலை முடிஞ்சு நானே சீட்டுல உக்காந்து, வலது கையால கம்பியப் புடிச்சு எந்திரிச்சு காட்டுறேன். அம்மா வீல்சேர்ல இருந்து பாத்துட்டே இருந்தாங்க. கொஞ்சம் குழறுன பேச்சுல, "எனக்கு அந்தக் கையே வராதேப்பா"ன்னாங்க.

வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன், வேற என்ன பண்றது.

மறுநாள் தரை காய்ஞ்சிருக்கும்போதே அவங்களயே சீட்டுல உக்கார வச்சோம், மருமக பக்கத்துலயே நின்னாங்க. இடது கைய நீட்டி சுவத்துல அவங்க தொட்ட எடத்துல பென்சில்ல கோடு போட்டேன், தரையிலருந்து 30 இன்ச் உயரந்தான் வந்துச்சு, குள்ளமான உடம்பு. ஹேண்ட் ஷவரையும், தண்ணிய ஷவருக்குத் திருப்புற டைவர்ட்டரையும் அந்தக் கைக்கே எட்டுற மாதிரி நகத்துனேன், முன்னாடி வச்சிருந்த எடத்துல கொதிக்கிற தண்ணி முதல்ல மேல கொட்டும், அப்புறந்தான் அணைக்க கை எட்டும்!

நாலரை இன்ச் சுவத்த நம்ப முடியாது, நேரா ஓட்ட போட்டு அடுப்படிப் பக்கம் இரும்பு பிளேட் குடுத்து நீள போல்ட்டா கம்பிய முடுக்கிட்டேன். அந்தச் செலவும் கூலியும் என் கையிலருந்துதான் போச்சு, நியாயந்தான். வெளிச்சுவத்து ஓட்டைகள வெள்ளை சிமெண்ட் வச்சு அடச்சேன், டைல்ஸ் கலரோட ஒட்டல, பளிச்சுன்னு தெரியும்.

ஆறு மாசம் கழிச்சு டேப் ஒழுகுதுன்னு போனா, அடுப்படியில அந்த போல்ட்டு முனையில மருமக இடுக்கியையும் வடிகட்டியையும் மாட்டி வச்சிருந்தாங்க.